மலையில் சாமை, அடிவாரத்தில் சர்க்கரை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் பிரயாணம் செய்கிறவர்கள், கண்களை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு போனால், ஓர் ஆரோக்கிய சாஸ்திரப் புத்தகத்தையே படித்து முடித்துவிடலாம். முதலில் எதிர்ப்படுபவை அரிசி ஆலைகள். நெல்லின் உமியோடு தவிட்டையும் நீக்கி, மல்லிகைப் பூப்போல் வெளுத்த அரிசியை மூட்டை மூட்டையாக வெளியே அனுப்புபவை அவை. அப்பால் கரும்புத் தோட்டங்கள். கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. அதையும் தாண்டிக் கோமுகி அணையைப் பார்த்துவிட்டு மலைப் பாதையில் ஏறினால், வெள்ளிமலையும் அதைச் சுற்றிய சிற்றூர்களும் வருகின்றன. அங்கே தலைமுறை தலைமுறையாக விளைந்து வந்தவை சாமை, தினை, கேழ்வரகு முதலிய தானியங்கள்.

2019-ஆம் ஆண்டில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவான கள்ளக்குறிச்சியின் சித்திரம் இது. மலையில் வசிப்பவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். இவர்கள் கேரள தேசத்தவர் அல்லர், தமிழே பேசுகிறவர்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள். மலைக்கும் அடிவாரத்துக்கும் சில மணி நேரப் பிரயாணந்தான். ஆனால் இரண்டு இடங்களின் பழைய ஆகாரத்தையும் உழைப்பையும் உறக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால், இன்று நம் வீடுகளில் அடிக்கடி அடிபடும் ஒரு விஷயம் எளிதில் விளங்கும். அதுதான் 'ஹார்மோன்' என்பது.

தூதர்கள் யார்?

"எல்லாம் ஹார்மோன் கோளாறுதான்" என்று சொல்லாத வீடு இப்போது அபூர்வம். பாட்டிக்குச் சர்க்கரை வியாதி, மருமகளுக்குத் தைராய்டு, பேத்திக்கு மாதவிலக்குச் சீர்கேடு என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு சீட்டை வைத்திருக்கிறார்கள். ஆயினும் ஹார்மோன் என்றால் என்ன என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை.

1902-ஆம் ஆண்டில் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு விந்தையைக் கண்டார்கள். குடலிலிருந்து வரும் ஒரு பொருள், நரம்பின் உதவி இல்லாமலே, ரத்தத்தின் வழியாகச் சென்று கணையத்தை வேலை செய்யத் தூண்டியது. 1905-இல் ஸ்டார்லிங் இத்தகைய பொருள்களுக்கு ஹார்மோன் என்று பெயரிட்டார்; தூண்டுவது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. நாளமில்லாச் சுரப்பிகள் அனுப்பும் தூதர்கள் என்று இவற்றைச் சொல்லலாம். கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியின் தூதர் உடம்பின் வேகத்தை நிர்ணயிக்கிறார். கணையத்தின் இன்சுலின், ரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தசைகளுக்குள் புகவிடுகிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து வரும் கார்ட்டிசால் விடியற்காலையில் உயர்ந்து நம்மை எழுப்பிவிட்டு, இரவில் தாழ்ந்து அடங்குகிறது.

இந்தத் தூதர்கள் நம் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். ஆனால் நம் வழக்கங்களுக்குக் கட்டுப்பட்டவர்கள். எப்போது உண்கிறோம், எதை உண்கிறோம், எவ்வளவு நடக்கிறோம், எப்போது விளக்கை அணைக்கிறோம் என்பதையெல்லாம் பார்த்தே அவர்கள் நடந்துகொள்கிறார்கள். இதை வெறும் உபதேசமாகச் சொல்லவில்லை. நம் சென்னைப் பட்டணத்திலேயே இதற்கு ஒரு ருஜு இருக்கிறது.

சென்னையில் நடந்த ஒரு பரீட்சை

டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் நடத்திய அந்த ஆராய்ச்சியின் முடிவு 2006-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சர்க்கரை வியாதியின் வாசற்படியில் நின்ற, ஆனால் இன்னும் உள்ளே நுழையாத, 531 பேரை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். முதற் பிரிவினருக்குப் பொதுவான ஆலோசனை மட்டும். இரண்டாம் பிரிவினருக்கு வாழ்க்கை முறையில் மாறுதல். அதாவது தினம் அரைமணி நேரமாவது விறுவிறுப்பான நடை, சர்க்கரையையும் தீட்டிய தானியத்தையும் கொழுப்பையும் குறைத்தல், நார்ச்சத்துள்ள ஆகாரத்தைக் கூட்டுதல். மூன்றாம் பிரிவினருக்கு மெட்பார்மின் மாத்திரை. நான்காம் பிரிவினருக்கு இரண்டும்.

மூன்று வருஷ அளவில் என்ன ஆயிற்று தெரியுமா? முதற் பிரிவில் 100-க்கு 55 பேர் வியாதியில் விழுந்தார்கள். வாழ்க்கை முறையை மாற்றியவர்களில் விழுந்தவர்கள் 100-க்கு சுமார் 39 பேர். மாத்திரை உண்டவர்களில் சுமார் 40 பேர். இரண்டையும் கைக்கொண்டவர்களிலும் ஏறக்குறைய அவ்வளவே. நடையும் நல்ல ஆகாரமும் மாத்திரைக்கு நிகராக நின்றன என்பது மட்டுமல்ல; அவற்றுக்கு மேல் மாத்திரையையும் சேர்த்ததால் கூடுதல் லாபம் ஒன்றும் காணப்படவில்லை.

இந்தக் கணக்கை அலட்சியம் செய்ய முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான பெரிய ஆய்வு, நம் தேசத்தில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்றும், வாசற்படியில் நிற்கிறவர்கள் 13 கோடிக்கு மேல் என்றும் மதிப்பிட்டிருக்கிறது. வாசற்படியில் நிற்கும் அந்த 13 கோடிப் பேரில் நம் வீட்டார் எத்தனை பேரோ! நூற்றுக்குப் பதினாறு பேரைப் பின்னுக்கு இழுக்கும் வல்லமை ஓர் அரைமணி நடைக்கும் ஒரு கை சாமைக்கும் இருக்குமானால், அதை ஏன் விடவேண்டும்?

வெளுத்ததெல்லாம் பாலா?

தீட்டிய அரிசியைப் பற்றிய எச்சரிக்கை புதிதன்று. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் ஆகார ஆராய்ச்சியைத் தொடங்கினார். பின்னர் அவர் இந்தியாவின் பற்பல பகுதி மக்களுடைய ஆகாரத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி கலந்த சீக்கியர் ஆகாரத்தை உண்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன; தீட்டிய அரிசியையே பெரும்பாலும் நம்பிய சென்னை ராஜதானி ஆகாரத்தை உண்டவை மெலிந்து நோயுற்றன. அந்தச் சின்ன ஆராய்ச்சி நிலையமே வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

அந்த நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையைப் பாருங்கள். 100 கிராம் சாமையில் நார்ச்சத்து 7 கிராமுக்கு மேல். தீட்டிய பச்சரிசியில் 3 கிராமுக்குக் குறைவு. நார்ச்சத்து குடலில் சர்க்கரையின் ஓட்டத்தைத் தடுத்து நிதானப்படுத்துகிறது. ஓட்டம் நிதானமாயிருந்தால் இன்சுலினும் நிதானமாகச் சுரக்கும். வெள்ளைச் சோற்றைக் குவியலாக உண்டால் சர்க்கரை வெள்ளமாகப் பாய்கிறது; இன்சுலின் தலைதெறிக்க ஓடிவருகிறது. வருஷக்கணக்கில் இப்படியே நடந்தால் தசைகள் அந்தத் தூதர் வந்து கதவைத் தட்டுவதையே சட்டை செய்யாமற் போகின்றன.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மலையில் சாமை உண்டு வளர்ந்தவர்களின் பிள்ளைகள் வெள்ளை அரிசிக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். பட்டணத்தில் அரிசி உண்டு வளர்ந்தவர்களோ, டாக்டர் சொன்ன பிறகு, அதே சாமையை அழகிய பொட்டலங்களில் அதிக விலைக்கு வாங்குகிறார்கள். ரேஷன் அரிசியை நாம் குறை சொல்ல மாட்டோம். 2011 முதல் விலையின்றிக் கிடைத்த அந்த அரிசி எத்தனையோ ஏழைக் குடும்பங்களில் பசியை ஓட்டியது. சாமையை உரலிலிட்டுக் குத்தும் கஷ்டத்திலிருந்து மலைப் பெண்களின் தோள்களுக்கு விடுதலையும் தந்தது. ஆனால் மூன்று வேளையும் அதுவே என்றாகும்போதுதான் தொல்லை.

நாம் சொல்லக்கூடிய யோசனை எளியது. ஒரு நாளில் ஒரு வேளையேனும் சாமை, தினை, கேழ்வரகு இவற்றில் ஒன்று அடுப்பில் ஏறட்டும். வாங்கும்போது பழுப்பு நிறமுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வெளுக்கத் தீட்டிய சாமை அரிசியின் உடன்பிறப்பே ஆகும். இலையில் முதலில் காயும் பருப்பும் செல்லட்டும், சோறு பின்னால் வரட்டும். இந்த வரிசை மாற்றமே சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரையைக் குறைக்கிறது. சாமைச் சோறும் மாவுப் பொருளே. அதையும் மலைபோல் குவித்து உண்டால் மலைவாசியின் பலன் கிட்டாது.

காபியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை சுமார் 5 கிராம். நாளைக்கு நான்கு டம்ளர், டம்ளருக்கு இரண்டு கரண்டி என்றால் 40 கிராம். மாதத்துக்கு 1,200 கிராம். பலகாரம், பாயசம் எல்லாம் இதற்கு மேல். உலக சுகாதார ஸ்தாபனம் நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது உத்தமம் என்கிறது. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் இந்தக் கணக்கிலிருந்து தப்பமாட்டா.

நடையும் உறக்கமும்

மலைவாசிக்கு நடை ஒரு தேகப் பயிற்சி அன்று. அது அவனுடைய ஜீவனம். காட்டுக்குப் போவதும் சுனைக்குப் போவதும் சந்தைக்குப் போவதும் ஏற்ற இறக்கமான வழியிலேதான். நடக்கும் தசை, இன்சுலினின் உதவியை அதிகம் எதிர்பாராமலே, ரத்தத்திலுள்ள சர்க்கரையை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே சாப்பிட்டவுடன் சாய்வு நாற்காலியில் சாய்வதற்குப் பதிலாக, பத்து நிமிஷம் தெருவிலோ மொட்டை மாடியிலோ உலாவுவது எவ்வளவோ மேல். தண்ணீர்க் குடத்தையும் அம்மியையும் விட்டு வெளியேறிய நம் வீட்டுப் பெண்களுக்கு, அவற்றுக்கு ஈடாக வேறு உழைப்பு ஒன்றும் வந்து சேரவில்லை. வேலை குறையவில்லை, அசைவு மட்டும் குறைந்துவிட்டது.

உறக்கத்தின் கதை இன்னும் கவலைக்குரியது. 1999-இல் சிக்காகோ சர்வகலாசாலையில் ஆரோக்கியமான 11 வாலிபர்களை ஆறு இரவுகள் நான்கே மணி நேரம் படுக்கையில் இருக்கும்படி செய்தார்கள். ஆறாம் நாளுக்குள் அவர்களுடைய உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறனில் தளர்ந்தது. மாலையில் அடங்கவேண்டிய கார்ட்டிசால் அடங்காமல் நின்றது. பின்னால் நடந்த மற்றோர் ஆராய்ச்சியில், இரண்டு இரவு தூக்கம் குறைந்ததற்கே பசியைத் தூண்டும் ஹார்மோன் ஏறி, போதும் என்று சொல்லும் ஹார்மோன் இறங்கியது. நள்ளிரவில் விழித்திருக்கும் பிள்ளைகள் ஏன் முறுக்கு டப்பாவைத் தேடுகிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

உடம்பின் ஒவ்வோர் அணுவிலும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது ஓடும் வகையைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கடிகாரத்தைச் சரிப்படுத்துவது வெளிச்சம். காலைச் சூரியன் அதற்குச் சாவி கொடுக்கிறது. இருள் சூழ்ந்ததும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் சுரந்து உறக்கத்தை அழைக்கிறது. கைத்தொலைபேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு படுத்தால், அது சுரக்கத் தாமதிக்கிறது. பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிக்கும்போதே கொட்டாவி விடும் மாணவர்களை நாம் தினந்தோறும் காண்கிறோம். பரீட்சைக்கு விழித்துப் படித்தேன் என்பார்கள், பெற்றோரும் பெருமைப்படுவார்கள். இந்த வயதுக்கு எட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதைப் பாடப் புத்தகத்தைவிட முக்கியமாகக் கருதவேண்டும் என்பதே ஆசிரியர்களாகிய நம் அபிப்பிராயம்.

உப்பில் மட்டும் மலையைப் பின்பற்றாதீர்

இதுவரை படித்தவர்கள், பழைய வழக்கமெல்லாம் நல்லது, புதியதெல்லாம் கெட்டது என்று தீர்மானித்துவிடக் கூடாது. உப்பு விஷயத்தில் புதியதே நல்லது.

தைராய்டுச் சுரப்பி தன் ஹார்மோனைச் செய்வதற்கு அயோடின் வேண்டும். நாளொன்றுக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிகளுக்கு 250. ஊசி முனையளவுகூட இராது. ஆனால் மழை நெடுங்காலம் அரித்துச் சென்ற மலை நிலங்களில் அயோடின் குறைந்துபோகிறது; அந்த மண்ணில் விளையும் தானியத்திலும் குறைகிறது. கிடைக்காதபோது சுரப்பி வீங்கிக் கழுத்தில் கழலையாகத் தொங்குகிறது. அதைவிடக் கொடுமை, தாயின் வயிற்றிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சி குன்றுவது.

டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய சகாக்களும் 1956 முதல் இமயமலைச் சாரலிலுள்ள காங்ரா பள்ளத்தாக்கில் அயோடின் சேர்த்த உப்பைக் கொடுத்துப் பார்த்து, கழலை நோய் குறைவதை ருஜுப்படுத்தினார்கள். 1962-இல் தேசியத் திட்டம் வந்தது. 2006-இல் அயோடின் சேராத உப்பை மனிதர் உண்பதற்காக விற்பது தடை செய்யப்பட்டது. இவ்வளவுக்குப் பிறகும், 2018-19-இல் நடந்த கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பை உபயோகிக்கும் வீடுகள் தமிழ்நாட்டில் 100-க்கு 62 அளவே; இந்திய மாநிலங்களுக்குள் கடைசி ஸ்தானம் நமக்கு! தூத்துக்குடியிலும் வேதாரணியத்திலும் உப்பு விளைவிக்கும் நாட்டுக்கு இது பெருமையா?

காரணம் நம் கல்லுப்பு மோகம். கல்லுப்பில் ருசி அதிகம் என்பார்கள். இப்போது இளஞ்சிவப்பு இந்துப்பில் சகல நோயும் தீரும் என்கிறார்கள். அயோடின் சேர்த்திராவிட்டால் இரண்டும் ஒன்றுதான். கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கும் ஏராளமாகப் பயிராகிறது. மரவள்ளியை நன்றாகப் பக்குவம் செய்யாமல் உண்டால், அதிலுள்ள ஒரு பொருள் தைராய்டு அயோடினைப் பெறுவதற்குத் தடையாகும். அயோடின் குறைந்த இடத்தில் இந்தத் தடை பெரிதாகும். எனவே கிழங்கைத் தோலுரித்து, ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். உப்புப் பொட்டலத்தில் சிரிக்கும் சூரியன் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதை மூடியுள்ள பாத்திரத்தில், அடுப்பின் சூட்டுக்கு விலகி வையுங்கள். சமையல் முடியும் தறுவாயில் சேருங்கள். அயோடின் நல்லதென்று அள்ளிப் போடவேண்டாம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்புக்கு மேல் கூடாது.

அடுப்பங்கரையின் பின்வரிசை

ஹார்மோன் கோளாறு பெண்களிடம் அதிகம் பேசப்படுவதற்கு ஒரு காரணம் அவர்களுடைய தேக அமைப்பு. இன்னொரு காரணம் நம் வீட்டு வழக்கம். எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்பவள் தாய். காய் தீர்ந்திருக்கும், சோறும் ரசமும் மிச்சமிருக்கும். மணி பத்தாகியிருக்கும். பாத்திரம் கழுவிப் படுப்பாள், விடியுமுன் எழுவாள். நாம் மேலே சொன்ன ஒவ்வொரு விதியும், அதாவது காயுள்ள ஆகாரம், பொழுதோடு உணவு, நடை, நல்ல உறக்கம் எல்லாம், அவளுக்குத்தான் முதலில் மறுக்கப்படுகின்றன. பிறகு அவளுக்கே மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோம்.

பெண் குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூப்பெய்திய முதல் இரண்டு மூன்று வருஷங்களில் மாதவிலக்கு முன்பின்னாக வருவது பெரும்பாலும் இயற்கையே, பயப்படத் தேவையில்லை. ஆனால் முதல் வருஷம் கடந்தபின், மூன்று மாதம் வராமலிருந்தால், அல்லது முகத்தில் ரோமமும் கடுமையான பருக்களும் தோன்றினால், டாக்டரிடம் காட்டவேண்டும். 'சினைப்பை நீர்க்கட்டி' என்று பெயர் கேட்டவுடன் பெற்றோர் நடுங்கி, கல்யாணம் என்ன ஆகுமோ என்று மூடி மறைக்கிறார்கள். அது உண்மையில் ஆபத்தான கட்டியே அன்று. முதிராத கருமுட்டைப் பைகள் அப்படித் தோன்றுகின்றன. எடை அதிகமுள்ளவர்கள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு சீர்ப்படுகிறது. அதை மறைப்பதால் குணமாகாது. பேசுவதால் மானம் போகாது.

பழக்கம் எங்கே நிற்கும், வைத்தியம் எங்கே தொடங்கும்?

இவ்விடத்தில் உறுதியாகச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. சாமை உண்பதால் இன்சுலின் ஊசியை நிறுத்தலாம், நடப்பதால் தைராய்டு மாத்திரையை விடலாம் என்று யாரேனும் கூறினால் நம்பவே வேண்டாம். சுரப்பி செத்துவிட்டால் பழக்கம் அதைப் பிழைப்பிக்காது. அந்த ஹார்மோனை வெளியிலிருந்துதான் கொடுக்கவேண்டும். காரணமின்றி எடை ஏறுதல் அல்லது இறங்குதல், தீராத களைப்பு, அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், கழுத்து வீக்கம் இவை தோன்றினால் ரத்தப் பரிசோதனை அவசியம். கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரைச் சோதனை கட்டாயம் செய்யவேண்டும். சேஷய்யா போன்ற சென்னை வைத்தியர்கள் நெடுங்காலம் வற்புறுத்தி வந்த விஷயம் அது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சியிலேயே 2022 ஜனவரியில் அரசாங்க மருத்துவக் கல்லூரியும் திறந்தாயிற்று. முப்பது வயது கடந்தவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை சர்க்கரையைச் சோதித்துக்கொள்வது நல்லது. குடும்பத்தில் வியாதி இருந்தால் கட்டாயம்.

சுருங்கச் சொன்னால், மலையிடமிருந்து தானியத்தையும் நடையையும் இருளோடு உறங்கும் வழக்கத்தையும் பெற்றுக்கொள்வோம். மலைக்கு அயோடின் உப்பையும் வைத்தியசாலையையும் கொடுப்போம். இந்தப் பண்டமாற்றில் இருவருக்கும் லாபமே அன்றி நஷ்டம் இல்லை. இதற்குப் பெரும் பணமோ பிரதிக்ஞையோ வேண்டாம். இந்த வாரம் ஒரு படி சாமை வாங்குங்கள். உப்பு ஜாடிக்கு மூடி போடுங்கள். இரவு எட்டு மணிக்கு எல்லோரும், அடுப்பங்கரையில் நிற்பவளும் சேர்ந்து, ஒரே பந்தியில் உட்காருங்கள். சாப்பிட்டு எழுந்ததும் அவளையும் அழைத்துக்கொண்டு தெருக்கோடி வரையில் நடந்துவிட்டு வாருங்கள்.